படம் வரைந்தால் சோறு கிடைக்குமா? – சோழமண்டலம் போய் வந்த கதை



போன ஞாயிறு நான் போட்ட போட்டோக்களைப் பார்த்துவிட்டு, "சார், இது எந்தக் கோயில்?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். கோயில் இல்லை. ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டல ஓவியர் கிராமம். அங்கே உள்ள சின்ன மியூசியத்துக்குப் பேரன், பேத்தி, பக்கத்து வீட்டுப் பையன் மூன்று பேரையும் கூட்டிப் போயிருந்தேன். மூவரில் மூத்தவனுக்கு ஒன்பது வயது, கடைக்குட்டிக்கு ஆறு. "அத்தனை சின்னப் பிள்ளைகளுக்கு அங்கே என்ன இருக்கிறது மாமா?" என்று போனில் கேட்ட என் மருமகனுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாக இருக்கும். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

வல்லக்கோட்டையிலிருந்து ஒரகடம், படப்பை, வண்டலூர், கேளம்பாக்கம் என்று போய்க் கோவளத்தில் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே திரும்பினால் ஈஞ்சம்பாக்கம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கண்டெய்னர் லாரிகள் குறைவு. பிள்ளைகள் வழியில் எண்ணிக்கொண்டு வந்தது கம்பெனி பஸ்களைத்தான்.

அந்த ஊருக்கு ஏன் சோழமண்டலம் என்று பெயர் என்பது பெரியவன் கேட்ட முதல் கேள்வி. சோழர் ஆண்ட கரை சோழமண்டலக் கரை. ஐரோப்பியர் வாயில் அது கோரமண்டல் ஆனது. கோரமண்டல் எக்ஸ்பிரஸ் என்று ரயிலுக்குப் பெயர் வைத்திருக்கிறார்களே, அதே சொல்தான். திரிந்து போன பெயரை மறுபடி நம் பக்கமாகத் திருப்பி, 1966-ல் சில ஓவியர்கள் தங்கள் கிராமத்துக்கு வைத்தார்கள்.

அந்த 1966-க்குப் போகுமுன் ஒரு பழைய விஷயம். எண்பதுகளில் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு பையன். கணக்கு நோட்டின் முன்பக்கம் கணக்கு இருக்கும், பின்பக்கம் முழுக்கப் படம் இருக்கும். வல்லக்கோட்டை ஏரி, தேர், கிருத்திகைக் கூட்டம், நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்கும்போது என் முதுகு, எல்லாம் இருக்கும். அவன் அப்பாவை வரச்சொல்லி, "ஓவியக் கல்லூரியில் சேர்க்கலாமே" என்றேன். அவர் குத்தகை விவசாயி. கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்: "படம் வரைஞ்சா சோறு கெடைக்குமா சார்?"

கேட்டது நியாயம். பையன் பிறகு போர்டு எழுதும் தொழிலுக்குப் போனான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பாதிக் கடைகளின் பெயர்ப் பலகை அவன் கையெழுத்துதான். பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது, பிரஷ்ஷை வைத்துவிட்டு ஒரு கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் சேர்ந்தான். பெயரைச் சொல்லமாட்டேன். இதைப் படித்துக்கொண்டுதான் இருப்பாய் என்று தெரியும், லைக் மட்டும் போட்டுவிட்டு ஓடாதே.

அவன் அப்பா கேட்ட அதே கேள்விக்குத்தான் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிப் பதில் சொல்லப் பார்த்தார்கள். மியூசியத்தில் தொங்கும் படங்களைவிட எனக்கு இந்தக் கதை பெரிது.

அதைத் தொடங்கியவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி. சிறு வயதிலிருந்தே படம் வரைந்தவர். குடும்பச் சூழ்நிலையால் படிப்பை நிறுத்திவிட்டுத் தந்தி இலாகாவில் வேலைக்குப் போனார். சில ஆண்டுகள் கழித்து அந்தச் சர்க்கார் வேலையை விட்டுவிட்டு, இருபத்தைந்து வயதில், 1936-ல், சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராக உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் தந்தி இலாகா வேலையை விடுவதென்றால் என்ன என்று வீட்டில் உள்ள பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிறகு அதே பள்ளியில் ஆசிரியரானார். 1944-ல் முற்போக்கு ஓவியர் சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினார். 1957-ல் அந்தக் கல்லூரிக்கே முதல்வர் ஆனார்.

அந்தக் கல்லூரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எழும்பூருக்குப் பக்கத்தில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்றும் இருக்கிறது. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் தொடங்கியது. தொடங்கியபோது அதன் நோக்கம் ஓவியம் மட்டும் இல்லை, கைத்தொழிலும் சேர்ந்தது. இதைக் கேட்டால் ஒரகடத்துக்காரர்கள் சந்தோஷப்படுவீர்கள்: நம் வீட்டு அலுமினியச் சட்டி பானைகளின் பூர்வீகம் இந்த ஓவியப் பள்ளிதான். பொறியியல் பேராசிரியரான ஆல்பிரட் சாட்டர்டன் அந்தப் பள்ளியில் 1898-ல் அலுமினியப் பாத்திரம் செய்யும் சோதனையை ஆரம்பித்தார். அது நன்றாக ஓடி, 1900-ல் தனிக் கம்பெனியாகவே ஆகிவிட்டது. கலைக்கும் தொழிற்சாலைக்கும் ஜென்மப் பகை என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அந்தக் கல்லூரிக்கு முதல் இந்தியத் தலைவராக வந்தவர் வங்காளத்துக்காரரான தேவிபிரசாத் ராய் சௌத்ரி. பணிக்கரின் குரு. மெரினாவில் நாலு பேர் பாறையை நெம்பித் தள்ளுகிறார்களே, 1959-ல் வைத்த உழைப்பாளர் சிலை, அது அவர் செய்தது. பிள்ளைகள் மூவருக்கும் அந்தச் சிலை தெரியும். "அதைச் செய்தவரின் மாணவர் ஆரம்பித்த இடத்துக்குப் போகிறோம்" என்று காரிலேயே சொல்லி வைத்தேன். தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு என்று பி.எட்.டில் படித்தது இதற்காவது உதவுகிறதே.

முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்த பணிக்கர் வருடா வருடம் ஒரே காட்சியைப் பார்த்தார். நன்றாக வரையும் பிள்ளைகள் ஐந்தாறு வருடம் படித்து வெளியே போகிறார்கள். வாங்க ஆள் இல்லை, சென்னையில் காட்சிக்கூடங்களும் இல்லை. வயிற்றுப்பாட்டுக்கு ஏதோ ஒரு வேலைக்குப் போகிறார்கள், இரண்டு வருடத்தில் தூரிகை காய்ந்து போகிறது. அவர் யோசனை மிக எளிமையானது. ஓவியத்தை நம்பிச் சாப்பிட முடியாது என்றால், கைவினையை நம்பிச் சாப்பிடு, மிச்ச நேரத்தில் யாருக்கும் கைகட்டாமல் உன் ஓவியத்தை வரை.

மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து ஓவியர் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். முக்கியமான சரக்கு பாத்திக் துணி. உருக்கிய மெழுகால் துணியில் கோலம் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள். மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. மெழுகு விரிசல் விட்ட இடத்தில் மட்டும் நூல் நூலாகச் சாயம் இறங்கும். அந்த விரிசல்தான் பாத்திக்கின் அழகு. உங்கள் அம்மா, பாட்டி பெட்டியில் ஒரு பாத்திக் புடவை நிச்சயம் இருக்கும், எடுத்துப் பாருங்கள். துணியோடு தோல் வேலை, உலோக வேலை, மண் வேலை என்று செய்து விற்றார்கள். அந்தக் காசில்தான் கடற்கரையோரம் சில ஏக்கர் நிலம் வாங்கினார்கள். அரசாங்க மானியமோ பெரிய பணக்காரரின் தயவோ இல்லை. ஏறக்குறைய முப்பது பேர். இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலை அப்போது கிடையாது. மணல், சவுக்குத் தோப்பு, மீனவர் குப்பங்கள். கரண்ட் இல்லாத கீற்றுக் குடிசைகளில்தான் ஆரம்ப காலம் ஓடியிருக்கிறது. ஆளுக்கொரு மனை, வேலை செய்யப் பொதுக் கூடம், விற்பனையில் ஒரு பங்கு பொதுக் கணக்குக்கு.

இந்தியாவில் எத்தனையோ ஓவியர் குழுக்கள் ஆரம்பித்து, இரண்டு கண்காட்சி நடத்தி, சண்டை போட்டுக் கலைந்திருக்கின்றன. இது அறுபது வருடமாக நிற்கிறது. காரணம் அந்தப் பொதுக் கணக்கும் ஆளுக்கொரு மனையும்தான் என்பது இந்தக் கணக்கு வாத்தியாரின் அபிப்பிராயம். கலை விமர்சகர்கள் வேறு காரணம் சொல்வார்கள், சொல்லட்டும்.

சரி, பிள்ளைகள் கதைக்கு வருகிறேன்.

கேட்டைத் தாண்டியதும் தோட்டத்திலேயே கல்லும் இரும்புமாகச் சிற்பங்கள். அதைச் சுற்றி ஓடவிட்டேன். ஒன்றரை மணி நேரம் காரில் அடைந்து கிடந்த குழந்தையை நேரே படத்துக்கு முன் கொண்டுபோய் நிறுத்தினால் அது படத்தையா பார்க்கும்? ஓடிக் களைத்த பிறகு தண்ணீர் குடிக்க வைத்து உள்ளே கூட்டிப் போனேன். எல்லாப் படத்தையும் பார்க்கக் கூடாது என்பது நான் போட்ட முதல் விதி. ஆளுக்கு இரண்டு படம் பிடித்துக்கொள்ள வேண்டும், அவற்றின் முன்னால் தரையில் உட்காரலாம். "தொடாதே" என்று வெறுமனே சொன்னால் கை நீளும். வீட்டில் கண்ணாடி அலமாரியில் விரல் ரேகை படிகிறதல்லவா, அந்த வியர்வை உப்பு செம்பில் பட்டால் நாளடைவில் கறுக்கும் என்று காரணம் சொன்னேன். மூன்று பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். ஆறு வயதுக்காரி மட்டும் வழி நெடுக மற்ற பார்வையாளர்களையும் எச்சரித்துக்கொண்டே வந்தாள்.

பணிக்கரின் படத்துக்கு முன்னால் பெரியவன் நின்றான். கட்டங்கள், கோடுகள், முக்கோணம் போன்ற உருவங்கள், நடு நடுவே பொடிப் பொடியாக எழுத்துகள். "தாத்தா, எழுத்து மாதிரி இருக்கு, ஆனா படிக்க முடியல" என்றான். மலையாளமோ தமிழோ என்று நானும் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். படிக்க முடியாது. படிப்பதற்காக எழுதியதும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: "உன் பழைய கணக்கு நோட்டு மாதிரி இருக்கு."

அவனுக்குத் தெரியாது, அது கிட்டத்தட்ட சரியான விடை. 1954-ல் பணிக்கர் லண்டனுக்கும் பாரிசுக்கும் போய்த் தம் படங்களைக் காட்சிக்கு வைத்தார். ஐரோப்பிய முறையில் திறமையாக வரையத் தெரியும், ஆனால் இதில் நம்முடையது எது என்ற கேள்வி அதன் பிறகு அவரை விடவில்லை. 1963 வாக்கில் அவர் படங்கள் அடியோடு மாறின. கணக்குப் படிக்கும் பிள்ளையின் நோட்டுப் பக்கத்தில் எண்களும் எழுத்துகளும் வடிவியல் உருவங்களும் கலந்து கிடக்குமே, அதுபோன்ற ஒன்றுதான் தமக்குப் புது வழி காட்டியது என்ற பொருளில் அவரே சொல்லியிருக்கிறார். "சொற்களும் குறியீடுகளும்" என்ற வரிசை அப்படி வந்ததுதான். அதில் போகப் போக ஜாதகக் கட்டமும் நம் ஊர் எழுத்துகளின் சுழியும் சேர்ந்தன. முப்பத்து நாலு வருடம் நோட்டு திருத்தியவன் நான். அத்தனை நோட்டிலும் அந்த அழகு இருந்தது என்பதை ஒரு ஓவியர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது!

பக்கத்து வீட்டுப் பையன் படங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. உலோகச் சிற்பங்களிடம் போய்விட்டான். அவன் அப்பா ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியின் வெல்டிங் பிரிவில் இருக்கிறார். நந்தகோபாலின் செம்பு, பித்தளைச் சிற்பம் ஒன்றைக் குனிந்து பார்த்துவிட்டு, "தாத்தா, இது வெல்டிங். இதோ பாருங்க, ஒட்டின எடம் தெரியுது. எங்கப்பா இதைவிட நல்லா ஒட்டுவாரு" என்றான். சிரித்துவிட்டேன். ஆனால் அவன் ஒரு அருமையான விஷயத்தைத் தொட்டுவிட்டான்.

நந்தகோபால் பணிக்கரின் மகன். இயற்பியல் படித்துவிட்டுச் சிற்பத்துக்கு வந்தவர். அவருக்கு முன்னோடி பி.வி. ஜானகிராம். கல்லைச் செதுக்குவது, களிமண்ணில் பிசைந்து வார்ப்பது என்று சிற்பம் இருந்த காலத்தில், ஜானகிராம் செம்புத் தகட்டை எடுத்துச் சுத்தியலால் தட்டி உரு ஏற்றினார். மேலே கம்பிகளை ஒட்டிக் கண், மூக்கு, ஆபரணம் வைத்தார். இந்த வேலைக்கு வேர் எங்கே என்று நினைக்கிறீர்கள்? நம் கோயில் கவசம்தான். விசேஷ நாட்களில் சுவாமிக்குச் சாத்தும் வெள்ளிக் கவசத்தைக் கிட்டத்தில் பார்த்திருப்பீர்கள். மெல்லிய தகடு, பின்பக்கமிருந்து தட்டி எழுப்பியது, முன்பக்கம் மட்டுமே முகம், பின்னால் வெறும் குழிவு. நந்தகோபால் சிற்பங்களும் பெரும்பாலும் முன்னாலிருந்து பார்க்கச் செய்தவையே. வெளிநாட்டு மாடர்ன் ஆர்ட் என்று நாம் ஒதுக்கும் சாமான், வல்லக்கோட்டை முருகனைக் கும்பிடும் எவருக்கும் பழகிய கைவேலையின் ஒன்றுவிட்ட தம்பி.

இதைப் பையனுக்கு எப்படிச் சொல்வது? "கார் இடிச்சு ஒடுங்கினா டிங்கரிங் பண்றவர் என்ன பண்ணுவார்?" என்றேன். "உள்ளேருந்து தட்டி வெளிய கொண்டாருவார்." "அதேதான். இவர் ஒடுங்காத தகட்டைத் தட்டி முகம் கொண்டுவந்திருக்கார்." அப்புறம் அவனை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை. அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று என் போனை வாங்கி, ஒட்டின இடங்களை மட்டும் ஏழு போட்டோ எடுத்தான். சிற்பத்தின் முகம் ஒன்றிலும் இல்லை.

கடைக்குட்டி தேர்ந்தெடுத்தது ராமானுஜம். கே. ராமானுஜம் என்ற ஓவியரின் படம், மையால் பொடிப் பொடியாக இழைத்தது. கனவில் வருவது போன்ற மாளிகைகள், பாம்புகள், விசித்திரப் பறவைகள், நடுவே தொப்பி போட்ட ஒரு குள்ள மனிதர். "இவர் யாரு?" என்றாள். வரைந்தவரே தன்னை அப்படிப் படத்துக்குள் வைத்துக்கொண்டார் என்றேன். "அவரு வீடா இது?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மீதியை ஆறு வயதுக்குச் சொல்ல முடியாது. உங்களுக்குச் சொல்லலாம். ராமானுஜத்துக்குப் பேச்சு சரளமாக வராது. உலகத்தோடு ஒட்டிப் போகத் தெரியாத பிள்ளை. கேலி செய்ய ஆள் நிறைய இருந்திருப்பார்கள், அதைச் சொல்ல வேண்டியதில்லை. பணிக்கர் அவரைக் கல்லூரியில் அரவணைத்தார், சோழமண்டலத்தில் இடம் கொடுத்தார். சென்னை கன்னிமரா ஓட்டலுக்குப் பெரிய அளவில் வரைந்து கொடுக்கும் வேலையும் கிடைத்தது. ஆனாலும் 1973-ல், இளம் வயதிலேயே, தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். படம் வரைந்தால் சோறு கிடைக்க ஒரு கிராமத்தைக் கட்டலாம், கட்டினார்கள். அந்தப் பிள்ளைக்கு வேண்டியிருந்தது சோறு மட்டும் இல்லை. ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்கள் இருபது பேருக்கு மேல் இதைப் படிக்கிறீர்கள். உங்கள் வகுப்பிலும் வாய் திக்கும், பின் பெஞ்சில் குனிந்து ஏதோ வரையும் பிள்ளை ஒன்று இருக்கும். அவ்வளவுதான் சொல்வேன்.

அப்படியானால் பணிக்கரின் கணக்கு சரியாக வந்ததா? என் மதிப்பெண் நூற்றுக்கு எழுபது. சிலருக்கு நன்றாகவே வந்தது. விஸ்வநாதன் 1968-லேயே பாரிசுக்குப் போய் அங்கேயே நிலைத்து உலகப் பெயர் வாங்கினார். வாசுதேவ் பெங்களூரில் பெரிய ஓவியர். மற்ற பலர் ஈஞ்சம்பாக்கத்திலேயே வீடு கட்டி, பிள்ளைகளை வளர்த்து, கடைசி வரை வரைந்தார்கள். பாத்திக் மோகம் குறைந்தபோது படங்களுக்கே விலை வர ஆரம்பித்துவிட்டது. பணிக்கர் 1977-ல் காலமானார். அவர் போன பிறகும் ஊர் கலையவில்லை. இந்த மியூசியம் 2009-ல் திறந்ததற்கு முக்கியக் காரணம் நந்தகோபால். அவரும் 2017-ல் போய்விட்டார். சென்னைக் கலை இயக்கம் என்று இன்று சொல்கிறார்களே, அந்த ஓவியர்களையும் சிற்பிகளையும் ஒரே இடத்தில், ஒரு காலை வேளைக்குள் பார்த்துவிடக் கூடியதாக வைத்திருப்பது இந்தச் சின்னக் கட்டிடம்தான். அவர்கள் வாங்கியபோது வெறும் மணலாக இருந்த நிலத்தின் இன்றைய விலை என்ன என்று நம் ரியல் எஸ்டேட் தம்பிகளைக் கேட்க வேண்டாம், தூக்கம் கெடும். சிப்காட் வருவதற்கு முன் நம் பக்கத்து நிலத்தை விற்றவர்களுக்கு அந்த வலி தெரியும். விற்காமல் வைத்துக்கொண்டது அவர்களின் இன்னொரு சாமர்த்தியம்.

பெரிய மியூசியத்தைவிடச் சின்னதுதான் பிள்ளைகளுக்கு நல்லது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. எழும்பூர் அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியது, ஒரு நாள் போதாது. பாதி வழியில் பிள்ளைகளுக்குக் கால் வலிக்கும், நமக்குக் கோபம் வரும். இங்கே முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சாதத்தைப் பிரித்தோம். நோட்டும் பென்சிலும் கொண்டுபோயிருந்தேன். பார்த்ததைப் பார்த்தபடி வரையச் சொல்லவில்லை, எது ஞாபகம் இருக்கிறதோ அதை வரையச் சொன்னேன். பெரியவன் எழுத்து மாதிரி ஒரு பக்கம் கிறுக்கினான். பக்கத்து வீட்டுப் பையன் ஒரு கார் கதவு வரைந்து அதற்குக் கண் வைத்தான். சின்னவள் தொப்பிக்காரருக்கு ஒரு நாய்க்குட்டி சேர்த்துவிட்டாள், வீட்டில் தனியாக இருக்கிறாராம்.

அடுத்து எழும்பூரில் வெண்கலச் சிலைகளை மட்டும், அந்த ஒரு கூடத்தை மட்டும் பார்ப்பதாகத் திட்டம். ஷிஃப்ட் இல்லாத ஞாயிறு எது என்று ஒரகடத்துக்காரர்கள் கமெண்ட்டில் சொல்லுங்கள், அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். வேன் வாடகை பகிர்ந்துகொள்வோம். பிள்ளைகளுக்குத் தண்ணீர் பாட்டிலும் பென்சிலும் கொடுத்தனுப்புங்கள், செல்போன் வேண்டாம்.